வெயிலில் பிறந்தவனுக்கு ஐஸ் ஹொக்கி தொழிலாகுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 மே 2025

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் மகனை ஐஸ் ஹொக்கிக்கு விட்டு, அந்தச் செலவுக்காக வீட்டை இரண்டாம் தடவை ஈடு வைத்திருக்கிறார். பெடியன் பெரிய லீக்கில், அதாவது வட அமெரிக்காவின் NHLஇல், விளையாடிக் கோடி கோடியாக உழைப்பானாம். நான் சொல்கிறேன், வெயிலில் பிறந்த சனத்துக்கு அந்த விளையாட்டு சரிவராது. கிரிக்கெட் என்றால் ஒரு கதை. பனிக்குள் பிறந்தவனோடு பனியில் ஓடி யார் பிழைத்தது? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

5 மே 2025

மறுக்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ் செய்யும் ஆலைகளில் சமாதான காலத்தில் 5 வருடமும் மீளக் குடியேறிய பிறகு 12 வருடமும் நின்றவன் நான். வானத்தில் இருந்து ஐஸ் விழுவதை என் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனால் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற சித்திரை வெயிலில், விடிய முன்னர் நூறு கட்டி இறக்கியிருக்கிறேன். ஐஸுக்கு வேண்டியது அமோனியாவும் உப்புத் தண்ணீரும் மின்சாரமும். குளிர் நாடு வேண்டியதில்லை.

ஹொக்கித் தளத்தின் சூத்திரமும் இதுவே. கொங்கிரீட் தரைக்குள் குழாய்களைப் பதித்திருப்பார்கள். அவற்றுக்குள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரைப் படலம் படலமாக விசிறி, ஒரு அங்குல அளவுக்கு ஐஸ் பிடிக்க வைப்பார்கள். எங்கள் ஆலையில் தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறக்குகிறோம். அங்கே அந்தத் தொட்டியைத் தரைக்குள் படுக்க வைத்துவிட்டார்கள்.

வெயில் என்றால் அரிசோனாவில் இல்லாத வெயிலா? ஓஸ்டன் மத்யூஸ் அந்தப் பாலைவன மாநிலத்தின் ஸ்கொட்ஸ்டேலில் வளர்ந்தவர். தாய் மெக்சிக்கோக்காரர். பெரிய லீக் அணிகள் வருடாவருடம் புது வீரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் தெரிவில், 2016ஆம் ஆண்டு முதலாவது பெயர் அவருடையது. ரொறன்ரோ அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 4 கோல் போட்டார். அந்த ஆட்டத்தில் ரொறன்ரோ தோற்றது, அது ரொறன்ரோவின் குணம்.

ஈடு வைத்த வீட்டைப் பற்றித்தான் உண்மையில் கதைக்க வேண்டும். பிறகு வருகிறேன், லொறி வந்து நிற்கிறது.

5 மே 2025, இரவு

கேள்வி கேட்டவர் 'பனியில் ஓடி' என்று எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கித் தடிமல் கொண்டுவருவது. அதில் யாரும் ஓட முடியாது. ஐஸ் என்றே எழுதுவோம்.

9 மே 2025

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் மற்றவர் வீட்டு ஈட்டைப் பற்றி எழுதுவது சரியில்லை. என் தங்கச்சி ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு 15 வயது. ஆறு வயதில் இருந்து ஹொக்கி. கிழமையில் மூன்று நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளையையும் அவனைவிடப் பெரிய பையையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அதிகாலையில்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தளம் கிடைக்குமாம். மச்சான் இரவு வேலை முடித்து வரும் நேரம் இவர்கள் புறப்படும் நேரம். கோவிலில் தேர் இழுக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

அவன் நவம்பரில் பிறந்தவன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கனடாவில் பிள்ளைகளை வயதுப் பிரிவுக்குள் போடுவது ஜனவரி முதலாம் திகதியை வைத்து. ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஏழு வயதில் பத்து மாத இடைவெளி என்றால் தோள் உயரம் வேறு, கால் பலம் வேறு. பெரியவனைப் பயிற்றுநர் நல்ல அணியில் போடுவார், நல்ல அணிக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் பயிற்சியால் அவன் உண்மையிலேயே நல்லவனாகிவிடுவான். மேல்மட்டக் கனடிய வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பதை 1985இலேயே ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டிவிட்டார்கள். வெய்ன் கிரெட்ஸ்கி பிறந்தது 1961 ஜனவரி 26. தகப்பன் வீட்டுப் பின்வளவில் தண்ணீர் விட்டுத் தளம் செய்து கொடுத்தார். 894 கோல், இன்றுவரை எவனும் தொடவில்லை.

மேலே சொன்ன மத்யூஸ் செப்டெம்பர் 17. பெரிய லீக்கின் தெரிவுக்கு வயதுக் கணக்குச் செப்டெம்பர் 15 வரை. இரண்டு நாள் பிந்திப் பிறந்ததால் ஒரு வருடம் காத்திருந்தார். அந்த வருடத்தைச் சூரிச்சில், வளர்ந்த ஆண்களோடு விளையாடிக் கழித்தார். சாத்திரம் பார்ப்பவர்கள் நட்சத்திரத்தைத்தான் கேட்பார்கள், இந்தத் திகதியைக் கேட்க மாட்டார்கள்.

10 மே 2025

உடனே ஒருவர் பிடித்துவிட்டார். கடந்த மாதம் 6ஆம் திகதி அலெக்சாண்டர் ஒவெச்கின் 895ஆவது கோலைப் போட்டு கிரெட்ஸ்கியைத் தாண்டிவிட்டார். உண்மை. நான் பழைய மனப்பாடத்தில் எழுதிவிட்டேன். கிரெட்ஸ்கிக்கு வேறொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. மற்றவன் கோல் போட வழிசெய்து கொடுத்ததற்கும் அங்கே புள்ளி உண்டு. அப்படி அவர் கொடுத்தவை மட்டும் 1,963. வேறு எந்த வீரனும் கோலையும் கொடுத்ததையும் சேர்த்தால்கூட அந்த எண்ணை எட்டவில்லை.

19 மே 2025

நேற்று ரொறன்ரோ ஏழாவது ஆட்டத்தில் புளோரிடாவிடம் 6–1 என்று தோற்று வெளியேறியது. தங்கச்சி தொலைபேசி எடுக்கவில்லை. கடைசியாக அவர்கள் கிண்ணம் எடுத்தது 1967இல். அந்த வருடம் நான் பிறக்கவில்லை.

25 மே 2025

இப்போது பணம்.

பெரிய லீக்கில் 32 அணிகள். ஒவ்வொரு வருடமும் ஏழு சுற்றுகளில் 224 பேரைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். பெயர் சொன்ன அன்று தொப்பியும் சட்டையும் போட்டுப் படம் எடுப்பார்கள். ஊரில் எல்லோரும் அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த 224 பேரில் பலர் ஒரு ஆட்டத்தில்கூட இறங்காமலே போய்விடுவார்கள். ஒரே ஒரு ஆட்டம் விளையாடியதே முழுத் தொழில்வாழ்வு என்று இருப்பவர்களும் பலர். மறுபக்கம், 1998இல் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பாவெல் டட்சியுக் பெரிய நட்சத்திரம் ஆனார். எவருமே எடுக்காத, ஐந்தடி எட்டங்குல மார்ட்டின் சென் லூயிஸ் 2004இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அதனால் அந்தப் பட்டியலைச் சாதகக் குறிப்பு மாதிரி நம்பக்கூடாது.

2024–25 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். கேட்டதும் வாய் பிளக்கும். ஆனால் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒக்டோபரில் இருந்து ஏப்ரல் வரையிலான பருவத்தின் நாட்களால் பிரித்து, நாள் கணக்கில். புதிதாக வந்தவன் பெரும்பாலும் இரட்டை ஒப்பந்தக்காரன். மேலே பெரிய அணியோடு இருந்த நாளுக்கு ஒரு சம்பளம். கீழ் லீக்குக்கு இறக்கிவிட்ட நாளுக்குப் பல மடங்கு குறைந்த இன்னொரு சம்பளம். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வரும், விடிய விமானத்தில் ஏற வேண்டும். மூன்று நாளில் திருப்பி அனுப்புவார்கள். வாடகை வீடு ஒரு ஊரில், பை இன்னொரு ஊரில்.

இது நாட்கூலி. நாங்கள் செய்கிற அதே நாட்கூலி, பூச்சியம் மட்டும் கூட. சம்மாட்டி வாடிக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி, மீன் பட்டால் பத்துப் பேர், படாவிட்டால் நாலு பேர். நான் முன்பு நின்ற ஆலை ஒன்று, பெயர் வேண்டாம், மின்சாரம் போன நாளுக்குக் கூலி வெட்டியது. தொட்டியில் ஐஸ் பிடிக்காதது என் பிழையா என்று கேட்டதற்கு, 'என் பிழையுமில்லை' என்று பதில் வந்தது. அங்கேயும் காயப்பட்டவனுக்கு இதே மாதிரி வெட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

26 மே 2025

பிழை. ஆட்டத்தில் காயப்பட்டால் ஒப்பந்தச் சம்பளம் தொடர்ந்து கிடைக்கும். வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தங்கச்சியின் மகன் நடுச்சாமத்தில் குறுஞ்செய்தி அனுப்பித் திருத்தினான். அவன் இதை வாசிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தமிழ் வாசிக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. தாயிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டானாம். அது போதும்.

18 ஜூன் 2025

புளோரிடா கிண்ணத்தை மறுபடியும் எடுத்துவிட்டது, நேற்று, எட்மன்டனை ஆறாவது ஆட்டத்தில் வென்று. போன வருடமும் அவர்கள்தான், அப்போதும் எட்மன்டன்தான். வடக்கே நிலமே உறைந்து கிடக்கும் ஊர்க்காரரை, தென்னை நிற்கும் ஊர்க்காரர் இரண்டு தரம் அடித்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் இதை வாசித்துக்கொண்டு இருக்கிறார் என்று நம்புகிறேன்.

29 ஜூன் 2025

இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், 'எங்கள் நிறத்தில் யார் இருந்தார்கள்?' என்று. ரொபின் பாவா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கனில் பிறந்த பஞ்சாபி, 1989–90 பருவத்தில் வாஷிங்டனுக்காக இறங்கினார். இந்திய வம்சாவளியில் பெரிய லீக்குக்குப் போன முதல் ஆள். மொத்தம் 61 ஆட்டம். அவருக்குப் பிறகு வந்த மனி மல்ஹோத்ரா 991. கனடாவில் ஹொக்கி வர்ணனை பஞ்சாபியிலும் ஒலிபரப்பாகத் தொடங்கியது 2008இல்.

ஆனால் நான் இரவில் நினைத்துப் பார்ப்பது வில்லி ஓரியை. நியூ பிரன்ஸ்விக்கின் பிரெடரிக்டனைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1958 ஜனவரி 18இல் பொஸ்டன் அணிக்கு இறங்கி, அந்த லீக்கில் விளையாடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அதற்கு இரண்டு வருடம் முன்னர் பக் பட்டு வலது கண் பார்வை அனேகமாக முழுதாகப் போயிருந்தது. பக் என்பது ஒரு அங்குலம் தடித்த, மூன்று அங்குலம் அகன்ற கட்டி ரப்பர் வில்லை. ஆட்டத்துக்கு முன்னர் அதை உறைய வைப்பார்கள். விளையாடக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். ஓரி ஒருவருக்கும் சொல்லாமல் விளையாடினார். அவர் நின்றது இடது பக்கம். இடது பக்கத்தில் ஓடுபவனுக்கு பக் பெரும்பாலும் வலது கைப் பக்கத்தில் இருந்து வரும். தெரியாத கண் அந்தப் பக்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுதாகத் திருப்பி, இடது கண்ணைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்குள் அவரை நோக்கி ஒருவன் பாய்ந்துகொண்டிருப்பான்.

பெரிய லீக்கில் அவருக்குக் கிடைத்தது 45 ஆட்டம், 4 கோல். பிறகு மேற்குக் கரையில் கீழ் லீக்குகளில் அறுபதாம் ஆண்டுகளில் இருந்து எழுபதாம் ஆண்டுகள் வரை விளையாடினார். லொஸ் ஏஞ்சலிஸில் பயிற்றுநர் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டதும் கோல்கள் கொட்டின. முன்பே மாற்றியிருந்தால் என்று எவரும் கேட்கலாம். ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்பதற்குக் கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டுமே.

எங்கள் ஊரில் உடம்பில் இரும்புத் துண்டோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 'தூக்க முடியுமா?' என்று முதலாளி கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார்கள். முடியாது என்றால் அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஓரியை விளங்கிக்கொள்ள எங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

6 ஜூலை 2025

மேலே எழுதியதை வாசித்துவிட்டு எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. காயத்தை மறைத்தவனைப் புகழ்ந்து எழுதிவிட்டு, 15 வயதுப் பிள்ளை அதை வாசிக்கிறான் என்பதை மறந்துவிட்டேன்.

மருமகனே, இதையும் வாசித்துக் கேள். டெரெக் பூகார்ட் என்று ஒருவர். 277 ஆட்டத்தில் 3 கோல். அவரைக் கோல் போட எடுக்கவில்லை, அடிபட எடுத்தார்கள். தங்கள் நட்சத்திரத்தை எவனாவது தொட்டால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். நடுவர்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். 2011 மே மாதம், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து உயிரை எடுத்தன. மூளையைப் பரிசோதித்தபோது அடிமேல் அடி வாங்கியதன் சிதைவு அதில் இருந்தது. அதுவும் ஒரு தொழில்வாழ்வு. சட்டையில் அதே அணியின் பெயர்தான்.

2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் அடம் ஜோன்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் அலகு வெட்டி இறந்தார். இப்போது கழுத்துக் கவசம் போடுகிறாயா இல்லையா என்று தாயிடம் கேட்டேன். போடுகிறாயாம். சரி.

6 ஜூலை 2025, பின்னேரம்

முகமூடிக் கதையையும் சேர்த்துவிடுகிறேன். கோல் காப்பாளர்கள் ஒரு காலத்தில் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். 1959 நவம்பர் 1, நியூயோர்க்கில் ஜாக் பிளான்ட்டின் முகத்தில் பக் பட்டுக் கிழித்தது. தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் திரும்ப இறங்க மாட்டேன் என்றார். மாற்றுக் காப்பாளர் இல்லை, பயிற்றுநர் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். முகமூடி போடுகிறவன் பயந்தவன் என்று அதுவரை சிரித்தார்களாம்.

20 ஜூலை 2025

ஒன்ராறியோவில் 15, 16 வயதுப் பிள்ளைகளை இளையோர் லீக் அணிகள் தெரிவு செய்யும். 20 அணி, 15 சுற்று. பெரிய லீக்குக்குப் போகிறவர்களில் கணிசமானோர் அந்த வழியால் போனவர்கள். மருமகனின் பெயர் வரவில்லை.

தங்கச்சி அழவில்லை. 'அண்ணா, அவன் மேசையில் இருந்து கணினியைப் பார்த்துக்கொண்டே பிட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தான்' என்றாள். பதினைந்தாவது சுற்று முடிந்ததும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தானாம்.

எனக்குள் ஒரு பக்கம் நிம்மதி. தெரிவாகியிருந்தால் 16 வயதில் வேறு நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் அறை கொடுத்துச் சாப்பாடு போட்டு வைத்திருக்கும். பருவத்துக்கு 68 ஆட்டம், பஸ்ஸில் இரவு இரவாக ஓட்டம், நடுவில் பள்ளிக்கூடம். 16 வயதில் நானும் மற்றவர் வீட்டு விறாந்தையில் படுத்தேன். ஆனால் ஒருவரும் என்னைத் தெரிவு செய்யவில்லை, ஷெல் துரத்தியது. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை அந்நியர் வீட்டில் என்று கேட்டதும் எனக்கு முதலில் அந்த விறாந்தைதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒகஸ்டில் மூன்று கிழமை இங்கே வருகிறார்கள்.

10 ஒகஸ்ட் 2025

வந்துவிட்டார்கள். என்னைவிட உயரம். முள்ளியவளைச் சூட்டில் முதல் இரண்டு நாள் கிணற்றடியிலேயே இருந்தான். அம்மம்மாவுக்கு அன்பளிப்பாக ஒரு பக் கொண்டுவந்திருந்தான். முதல் கோல் போட்ட பக், திகதி எழுதிய வெள்ளை நாடா ஒட்டியது. அம்மா அதைக் கையில் வாங்கி, பாரம் பார்த்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த அலுமாரியின் காலுக்குக் கீழே வைத்தார். அலுமாரி ஆடவில்லை. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் குனிந்து பார்த்து, 'நல்ல இடம் அம்மம்மா' என்றான்.

நேற்று விடிய நாலு மணிக்கு அவனை ஆலைக்குக் கூட்டிப்போனேன். எழுப்பத் தேவையிருக்கவில்லை, அந்த நேரத்துக்கு எழும்பிப் பழகிய உடம்பு. தொட்டியின் பலகை மூடியைத் தூக்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தான். 'மாமா, இது எங்கள் தளத்தின் மணம்' என்றான். எனக்கு அமோனியாவும் ஈர இரும்பும் தவிர வேறு மணம் தெரியவில்லை.

அச்சைத் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் ஒரு முறை நனைத்துக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஐம்பது கிலோ. அவன் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், பெருவிரலை ஓட்டிப் பார்த்தான். நடுவில் ஏன் வெள்ளை என்று கேட்டான். தண்ணீர் வெளிப் பக்கத்தில் இருந்து உறைந்துகொண்டு உள்ளே போகும். போகப் போகக் காற்றையும் உப்பையும் நடுவுக்குத் தள்ளும். கடைசியில் அவையெல்லாம் நடுவில் அகப்பட்டு வெளுக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கடல் உப்பு கொஞ்சம் இருப்பதால் நெஞ்சு கூடுதலாக வெளுக்கும், அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். தளத்துக்கு இந்தத் தண்ணீர் சரிவராது, ஸ்கேட் அலகு கடிக்கும் என்றான். மீனுக்குச் சரிவரும் என்றேன்.

பிறகு நடந்ததை எழுத வேண்டும். கட்டிகளைக் களஞ்சியத்துக்குத் தள்ளுவதற்கு ஈரப் பலகைச் சரிவு ஒன்று இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு அடி. நான் கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், கட்டி ஒன்றின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றுவிட்டான். கத்த வாய் திறந்தேன், கட்டி நகர்ந்துவிட்டது. முழங்கால் இரண்டும் மடிந்து இருந்தன, நெஞ்சு நிமிர்ந்து இருந்தது, கைகள் அசையவேயில்லை. இடுப்பில் இருந்து கீழே மட்டும் ஏதோ சின்னச் சின்னத் திருத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. அடியில் போய்க் கட்டி மோதும் முன்னர், பஸ்ஸில் இருந்து இறங்குகிற மாதிரி இறங்கி நின்றான். ஏற்றுகிற ஆட்களில் மூத்தவர், நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், 'தம்பி வள்ளத்தில் நிற்கிற ஆள்போல நிற்கிறான்' என்றார். அவர் வாயில் இருந்து புகழ்ச்சி வருவது அபூர்வம்.

உள்ளங்கால் சிவந்து போயிருந்தது. தேநீர் குடிக்கும்போது, பெயர் வராதது மனதில் கிடக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'விடிய முதல் ஆளாக இறங்கும்போது ஐஸில் ஒரு கீறல்கூட இருக்காது மாமா. முதல் கீறலை நான் போடுவேன்' என்றான். நான் கேட்டதற்குப் பதிலா இது என்று தெரியவில்லை.

11 ஒகஸ்ட் 2025

தளத்தைத் திருத்தும் வண்டி வெந்நீர் ஊற்றுகிறது என்று மருமகன் சொல்ல, நான் நம்பவில்லை. இரவு முழுவதும் வாக்குவாதம். வெந்நீர் விரைவாக உறையும் என்பதால் ஊற்றுகிறார்கள் என்று அவன் சொன்னான், அதை இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் காய்ச்சிய தண்ணீரில் கரைந்த காற்றுக் குறைவு. அது ஸ்கேட் கீறிய மேல்தட்டைக் கொஞ்சம் உருக்கி, அதோடு சேர்ந்து ஒன்றாகப் பிடிக்கும். வெள்ளை நெஞ்சுக் கதையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த நானே இதை யோசித்திருக்க வேண்டும்.

அந்த வண்டியைச் செய்தவரின் பெயர் பிராங்க் சம்போனி. கலிபோர்னியாவில் தம்பியோடு கட்டி ஐஸ் செய்து விற்றவர். வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்து கட்டி ஐஸ் விற்பனை படுத்ததும், கையில் இருந்த இயந்திரங்களை வைத்து 1940இல் சறுக்குத் தளம் திறந்தார். 1949இல் வண்டியைச் செய்தார். ஆக, இந்த விளையாட்டின் தளமே எங்கள் சாதிக்காரன் ஒருவன் வழித்துவிடுவது. தொழில் சாதியைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

24 ஒகஸ்ட் 2025

நேற்றுப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

போவதற்கு முதல் நாள் அவனுக்கு டேவிட் அயர்ஸின் கதையைச் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரியும், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தான். ரொறன்ரோவில் தளம் திருத்தும் வண்டி ஓட்டியவர், பயிற்சியில் கோல் காப்பாளராகவும் நிற்பார். 2004இல் அவருக்குத் தாய் சிறுநீரகம் கொடுத்தார். 2020 பெப்ரவரி 22இல் கரோலினா அணியின் இரண்டு காப்பாளர்களும் அதே ஆட்டத்தில் காயப்பட்டுவிட, அவசரத்துக்கு இருத்தி வைத்திருந்த அயர்ஸை இறக்கினார்கள். வயது 42. எதிரணி அவர் வேலை செய்த ஊரான ரொறன்ரோ. முதல் இரண்டு அடியும் உள்ளே போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த எட்டையும் தடுத்தார், கரோலினா 6–3 என்று வென்றது.

நான் சொல்லும்போது அம்மா குறுக்கிட்டு, 'தாய் இப்போது சுகமா?' என்று கேட்டார். எங்கள் பக்கமும் வவுனியாப் பக்கமும் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். எத்தனை கோல் என்று அம்மா கேட்கவில்லை.

வீட்டை ஈடு வைத்தவரைப் பற்றி மே மாதம் தொடங்கிய பேச்சு. அப்போது அவரை மடையன் என்று எழுதத்தான் வந்தேன். இன்னும் அந்த ஈடு பிழை என்றுதான் சொல்வேன், நாட்கூலியை நம்பி வீட்டை வைப்பதா? ஆனால் பிள்ளையை விடிய எழுப்பிக் கூட்டிப்போவதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. பலகைச் சரிவில் அவன் நின்றதைப் பார்த்த பிறகு வராது.

14 செப்டெம்பர் 2025

தங்கச்சி கதைத்தாள். அவன் ஒரு படி கீழே உள்ள அணியில் சேர்ந்துவிட்டான். நடுவர் பயிற்சியும் எடுத்திருக்கிறான், சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதப் போகிறான். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இன்னொன்று. அவன் இங்கே இருந்தபோது தோட்டத்தில் என் மண்வெட்டிப் பிடி கையில் வழுக்குகிறது என்று சொல்லிவிட்டு, மட்டைக்குச் சுற்றுகிற கறுப்புத் துணி நாடாவைப் பையில் இருந்து எடுத்துவந்தான். நுனியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் குமிழ் ஒன்று செய்தான், கை நழுவாமல் இருக்க. பிறகு நாடாவைக் கயிறு மாதிரி முறுக்கி இடைவெளி விட்டுக் கீழே ஓட்டினான், அதற்கு மேலே தட்டையாக இன்னொரு சுற்று. நல்லெண்ணெய்க் கையாலும் பிடிக்கலாம். ஒரு மாதம் கச்சான் தோட்டத்தில் கிண்டிவிட்டேன், நாடா மண் நிறமாகிவிட்டது, ஒரு இடத்திலும் பிரியவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய மண்வெட்டியையும் கோடரியையும் கொண்டுவந்து படலையில் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். மிச்சம் இருந்த நாடா கோடரிக்குத்தான் காணும். தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த பார்சலில் நாலு சுருள்.